தொப்பிக்காரன் துணியோடு டெல்லிக்குப் போனேன்

டிவியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. போடாமல் இருக்கவும் முடியவில்லை. காலையில் காபி டம்ளர் கைக்கு வந்ததும், நாம் தூங்கிய நேரத்தில் அமெரிக்காவில் என்ன சொல்லித் தொலைத்தார்கள் என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது. இந்தியச் சரக்குக்கு வரி ஏறிவிட்டது என்கிறார்கள். இறங்கப் போகிறது என்கிறார்கள். பேச்சுவார்த்தை நல்லபடியாகப் போகிறது என்கிறார்கள். கோட்டுப் போட்ட நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, திருப்பூர்க்காரர்கள் இனிமேல் ஐரோப்பாவுக்கு மாற்றி விற்க வேண்டும் என்று புத்தி சொல்கிறார்கள். ஏதோ பல்லடத்தில் பஸ் மாறி ஏறுகிற மாதிரி. இதில் ஒருவராவது ஒரு பனியனைத் திருப்பிப் பிடித்துத் தையலைப் பார்த்திருப்பாரா என்று சத்தமாகவே கேட்டேன்.

"அவங்களுக்குக் கேக்காதுங்க, எனக்குத்தான் கேக்குது. மெதுவாப் பேசுங்" என்றாள் என் மனைவி.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். குண்டடத்துப் பக்கம் மழையை நம்பி நின்ற காட்டிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற எடுபிடியாகச் சேர்ந்தேன். இன்றைக்குப் பல்லடம் ரோட்டில் சொந்தக் கம்பெனி. என் சரக்கு அமெரிக்காவில் குழந்தைகள் உடம்பில் தூங்குகிறது. ஜெர்மனியில் கண்காட்சிக்குக் கூப்பிட்டபோது வேட்டியோடுதான் போனேன், வேட்டியோடுதான் வந்தேன். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் அதன் எடை என்னவென்று சொல்லிவிடுவேன். மிஷின் வைத்து அளந்து பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். பட்டவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது.

போன கோடையில் அமெரிக்காவுக்குக் குழந்தைகள் பைஜாமா ஆர்டர் ஒன்று போனது. குளிர்காலத்துக்கானது. உள்பக்கம் பஞ்சு மாதிரி உரசிவிட்ட கனத்த துணி, மேலே பனிமனிதன் பிரிண்ட். உருண்டை வயிறு, கேரட் மூக்கு, தலையில் கறுப்புத் தொப்பி. எங்கள் ஆட்களில் ஒருவரும் அப்படி ஒருவனை வாழ்நாளில் பார்த்ததில்லை. அதனால் கம்பெனியில் அந்தத் துணிக்குத் தொப்பிக்காரன் என்றே பெயர் விழுந்துவிட்டது. "தொப்பிக்காரன் ரோல் எங்கப்பா", "தொப்பிக்காரன் மூக்கு கோணலா விழுந்திருக்கு" என்றுதான் பேச்சு.

முதல் லாட் போய்ச் சேர்ந்து பணமும் வந்தது. அப்போதே டெல்லி பையிங் ஆபீஸிலிருந்து போன். அமெரிக்காக்காரனுக்காக இங்கே சரக்கு வாங்கித் தருகிற ஆபீஸ் அது. "ரெண்டாவது லாட்டும் இதே டிசைன்தான், துணியை ஓட்டிருங்க, பேப்பர் பின்னாடியே வருது" என்றான் அங்கே இருந்த தம்பி. நான் ஓட்டிவிட்டேன். நூல் எடுத்து, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, பிரிண்டும் அடித்தாயிற்று. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எழுத்து வராமல் எப்படித் துணி போடுவது என்பார்கள். திருப்பூரில் அப்படித்தான். பேப்பர் வரட்டும் என்று காத்திருக்கிறவனுக்குச் சாயப்பட்டறையில் இடம் கிடைக்காது, பிரிண்டிங்கில் முறை கிடைக்காது, கப்பலுக்குத் தேதி தவறிவிடும். வாய்வார்த்தையில் ஓடித்தான் இந்த ஊர் இந்த ஊராக ஆனது.

இந்தத் தடவை பேப்பர் வரவில்லை. வரிதான் வந்தது. பையிங் ஆபீஸிலிருந்து எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வரியில் மெயில்: நிறுத்தி வையுங்கள். என் மகன் படித்துச் சொன்னான். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அது போடவில்லை என்றான். குடோன் முழுக்கத் தொப்பிக்காரன் ரோல் ரோலாக நின்றான்.

அந்தத் துணியைத் தைக்க வேண்டிய இரண்டாவது தையல் லைன் வாரத்தில் பாதி நாள் சும்மா இருந்தது. அந்த லைனுக்குச் சூப்பர்வைசர் ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கம். புருஷனும் அதே லைனில் டெய்லர். டிசம்பர் பிறந்த கையோடு ஒருநாள் ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு கண்ணு."

"கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறோம். போயிட்டுத் திரும்பி வரவா, இல்ல சாமான் செட்ட ஏத்திட்டே போயிரவா? பாதி நாள் சம்பளத்துல வீட்டு வாடக குடுக்க முடியல. மூத்தவ பத்தாவது படிக்கா. பரிச்சைக்குப் பேரெல்லாம் குடுத்துட்டாவ. இப்ப பாதியில கூட்டிட்டுப் போனா அவ வருசம் வீணாப் போவும். வேல உண்டுன்னா உண்டுன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. ரெண்டும் இல்லாமத்தான் இருக்க முடியல."

என் கம்பெனியில் நின்றுகொண்டு என்னிடமே இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "டெல்லிக்குப் போறேன். அங்கிருந்து போன் பண்றேன்" என்றேன். அந்த நிமிஷம்வரை நான் டெல்லிக்குப் போவதாக இல்லை.

போகச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தவள் என் மனைவி. சோமனூர்த் தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பழனி, திருப்பதி தவிர எங்கும் போனதில்லை. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் குளிர்காலத்தில் எங்கெங்கோ போய்க் குல்லாயோடு படம் எடுத்து போனில் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து இவளுக்கும் ஆசை.

"நான் ஜெர்மனியே பாத்துப்போட்டு வந்துட்டேன். குளிரு எங்க இருந்தாலும் குளிருதான்" என்றேன்.

"நீங்க போனீங்க. நான் போனனுங்களா?"

மகன் டிக்கெட் போட்டான். "ஒரே செலவுல ரெண்டு வேலைப்பா. அம்மாவுக்கு ஊரு, உங்களுக்கு ஆபீஸ்" என்றான். படித்த பிள்ளைகள் எல்லாவற்றையும் இப்படி இரண்டாக மடித்துவிடுகிறார்கள். ஸ்வெட்டர் வாங்கலாம் என்றதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. பின்னலாடைக்காரன் வேறொருவன் கடையில் போய் ஸ்வெட்டர் வாங்குவதா? கம்பெனியில் மிஞ்சிக் கிடந்த தலைமூடிச் சட்டைகளில் இரண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். தொப்பிக்காரன் பைஜாமா சாம்பிள் நாலைந்தை ஒரு கல்யாண வீட்டு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

டெல்லியில் இறங்கியதும் முதல் எரிச்சல், மூட்டத்தில் ஊரே காணோம். கோயமுத்தூரில் ஏறும்போது வெயில். இங்கே பகல் பதினொரு மணிக்குச் சூரியன் துவைத்த துணிக்குப் பின்னால் வைத்த பல்பு மாதிரி இருந்தது. டிரைவர் ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்திக் கையை நீட்டினான். அது பாராளுமன்றம் என்றான். நான் பார்த்தது வெள்ளைச் சுவர். அது இந்தியா கேட் என்றான். அதுவும் அதே வெள்ளைச் சுவர்தான். என் மனைவி மட்டும் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தாள்.

"அதுல என்ன தெரியுது?" என்றேன்.

"ஊட்டுக்குப் போயிப் பெருசு பண்ணிப் பாத்துக்கலாமுங்க."

படங்களில் பார்க்கிற வெள்ளைப் பனி எப்போது விழும் என்று டிரைவரிடம் கேட்கச் சொன்னாள். நானும் கேட்டேன். எனக்கு ஹிந்தி நன்றாக வரும். எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். அவர்களைத் திட்டித் திட்டியே கற்றுக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, இங்கே பனி விழாது மாமாஜி, இது பாதி மூட்டம், பாதி புகை என்றான். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "புகையப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தமா?" என்றாள். யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் என்னிடம் கோபித்துக்கொண்டாள்.

எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அப்போது ஒன்று தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். நொய்யல் ஆறு சாயத்தில் கெட்டது என்று எங்கள் சாயப்பட்டறைகளை இழுத்துப் பூட்டினார்கள். கெட்டது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். தண்ணீரைச் சுத்தம் செய்து திருப்பி எடுக்க நாங்கள் பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும். செய்தோமா இல்லையா? தலைநகரத்திலோ மூச்சு விடுகிற காற்றையே இப்படிக் கரைத்து வைத்திருக்கிறார்கள். இதை எந்தப் பூட்டுப் போட்டுப் பூட்டுவார்கள்? ராத்திரி ஓட்டல் அறையில் டிவியைப் போட்டால் அங்கேயும் அதே நாலு கோட்டுக்காரர்கள், இப்போது ஹிந்தியில். நான் அணைப்பதற்குள் மனைவி ரிமோட்டைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பையிங் ஆபீஸ். மனைவியை ஓட்டலில் விட்டுப் போகலாம் என்றால் கேட்கவில்லை. "குதுப்மினார் போற வழிதானுங்களே" என்று கூடவே ஏறிக்கொண்டாள்.

ஆபீஸில் எங்களைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். வந்தது சென்னைப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். தமிழ் கேட்டதும் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. சாம்பிளை மேசையில் விரித்தேன். தையலைக் காட்டினேன், துணியைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள்.

"சார், பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் சொல்லுங்க."

"பேப்பர் பின்னாடி வருதுன்னு சொன்னாருங்க, உங்க சீட்டுல முந்தி இருந்த தம்பி. நூலு எடுக்கறப்போ சொன்னாரு, பிரிண்டு அடிக்கறப்பவும் சொன்னாரு."

"அவர் வேலையை விட்டுப் போயிட்டார் சார்."

"அவருதானுங்களே அம்மிணி போனாரு. துணி எங்ககிட்டத்தான் இருக்குது."

"எனக்குப் புரியுது சார். ஆனா எங்க சைடுல அப்படி ஒரு ஆர்டரே இல்லை. ஏற்கெனவே பேப்பர் போட்ட ஆர்டரையே நிறுத்திட்டு இருக்காங்க. வரியை நானா போட்டேன்?"

"அப்ப நான் போட்டனுங்களா?"

அவள் சிரிக்கவில்லை. பாவம், என்னைப் போல எத்தனை பேர் வந்து கத்திவிட்டுப் போயிருப்பார்களோ. நான் குரலை இறக்கிக்கொண்டு, சரி, ஆர்டர் இல்லையென்றால் போகட்டும், துணியைத் தைத்து இங்கேயே வெளியில் விற்றுக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

"அது முடியாது சார். இந்த பிரிண்ட் டிசைன் அமெரிக்கா பையரோடது. வெளி மார்க்கெட்ல வந்தா உங்க மேலதான் ஆக்‌ஷன் எடுப்பாங்க."

எனக்கு இருமலே நின்றுபோயிற்று.

"அம்மிணி, ஒரு நிமிஷம். துணி உங்களது இல்ல. நூலு உங்களது இல்ல. சாயம் உங்களது இல்ல. அது மேல நிக்கற தொப்பிக்காரன் மட்டும் உங்க ஆளா?"

"டெக்னிக்கலா ஆமா சார்."

"அப்ப அவன மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க. துணிய எங்களுக்கு விட்டுருங்க."

இப்போது சிரித்துவிட்டாள். சிரித்து என்ன பிரயோசனம், லேப்டாப் மூடிக்கொண்டது. நான் சாம்பிளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தேன். நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

அதுவரை சுவரில் மாட்டியிருந்த குழந்தைகள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கண்ணு, இந்தத் துணிய நம்பி ஒரு புள்ள பத்தாவது படிச்சுட்டு இருக்குது."

"உங்க பேத்தியா ஆன்ட்டி?"

"இல்லீங் சாமி. எங்க கம்பெனி டெய்லர் புள்ள. துணி தெச்சா அது திருப்பூர்ல இருந்து பரீட்ச எழுதும். இல்லேன்னா இந்த மாசமே ஊரக் காலி பண்ணிட்டுப் போயிருவாங்க."

அந்தப் பெண் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. டீ வந்தது, ஆறியது. திரும்பி வந்தபோது, ஆபீஸ் மேலதிகாரியிடம் பேசிவிட்டதாகவும், பையரின் பிராண்ட் லேபிள் எதுவும் இல்லாமல், இந்தியாவுக்குள் மட்டும் விற்றுக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்று இன்றைக்கே மகனுக்கு மெயில் போடுவதாகவும் சொன்னாள். ஆர்டர் மட்டும் கேட்காதீங்க சார் என்றாள்.

நான் நாலு பக்கம் நியாயம் பேசியதற்கு அசையாத ஆபீஸ், இவள் இரண்டு வார்த்தைக்கு அசைந்தது. அதுவும் ஒரு எரிச்சல்தான். லிப்டில் இறங்கும்போது, "நீங்க கத்துனதாலதானுங்க அந்தப் புள்ளைக்கு நாம பேசறது காதுல உளுந்துது" என்று எனக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்தாள்.

விற்கலாம் சரி, யாரிடம் விற்பது? எங்கள் ஊரில் தொப்பிக்காரன் பைஜாமாவை எந்தக் குழந்தைக்குப் போட்டாலும் வேர்க்குரு வந்துவிடும். குதுப்மினார் பார்த்தோம், அதாவது அதன் அடிப்பாகத்தைப் பார்த்தோம். சால்வை வாங்க வேண்டும் என்று மனைவி ஒரு பிளாட்பார பஜாருக்குக் கூட்டிப்போனாள். வழிநெடுகக் குளிர் உடுப்பு. ஒரு கடையில் குழந்தைகள் சட்டை கயிற்றில் தொங்கியது. என் கை தானாகப் போய் அதன் கீழ் மடிப்பைத் திருப்பிப் பார்த்தது. துணிக்கடையைத் தாண்டும்போது திருப்பூர்க்காரன் கை சும்மா இருக்காது. மடிப்பில் தையல் பிரிந்து கிடந்தது.

"வாங்குவதானால் தொடு, பரீட்சை வைக்க வராதே" என்றான் கடைக்காரன் ஹிந்தியில். தலைப்பாகை கட்டிய ஆள்.

நான் மஞ்சள் பையிலிருந்து தொப்பிக்காரனை எடுத்து அவன் பலகைமேல் போட்டேன். இதற்குப் பரீட்சை வை என்றேன். அவன் இழுத்துப் பார்த்தான், உள்பக்கத்தைத் திருப்பிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டி, தொப்பி போட்டும் இவன் வெறும் வயிற்றோடு நிற்கிறானே, குளிராதா என்று சிரித்தான். பிறகு ஒரு விலை சொன்னான். அந்த விலைக்கு நான் நூல்கூட வாங்கியிருக்க மாட்டேன். எக்ஸ்போர்ட் குவாலிட்டி, என்ன நினைத்துக்கொண்டாய் என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

நாலு கடை தாண்டி மனைவி நின்றாள்.  புதிதாக வாங்கிய சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

திரும்பி அந்தக் கடைக்கே நடந்தேன். என் சரக்கு போய்த் தொங்குகிற அமெரிக்கக் கடைகளில் நடமாடுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இவனைத் தெரிகிறது. கை மரத்துப்போகிற குளிரில் நின்று பிழைப்பவன். அரைமணி நேரம் பேரம் பேசினோம். அவனும் விட்டான், நானும் விட்டேன், நான்தான் அதிகம் விட்டேன். ஜனவரி கடைசிக்குள் தைத்து அனுப்புவதை இந்தக் குளிருக்கு எடுத்துக்கொள்வான். மிச்சத்தை நான் தைத்து வைத்துக்கொண்டே போக வேண்டும், மலை ஊர் வியாபாரிகளுக்காக அடுத்த குளிருக்கு எடுப்பான். பேப்பர் எதுவும் கேட்கவில்லை. அங்கேயே என் போனுக்கு அட்வான்ஸ் போட்டான். அதுதான் எனக்குப் பேப்பர். ஆனால் எவ்வளவு பெரிய எக்ஸ்போர்ட்டர் என்று ஊரில் பேர் எடுத்தவன், பிளாட்பாரத்தில் மஞ்சள் பையோடு நின்று பேரம் பேசியதை எந்தச் சொந்தக்காரனும் படம் எடுக்கவில்லையே என்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டேன்.

பஜார் ஓரத்தில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். லைனில் மிஷின் சத்தமே இல்லை.

"கண்ணு, வேல உண்டு. அமெரிக்காவுக்கு இல்ல, இங்க டெல்லிக்கு. தொப்பிக்காரனத்தான் தெக்கணும். முழு வாரமும் ஓடும். ஆனா பீஸ் ரேட்டு முந்தி மாதிரி குடுக்க முடியாது, கொஞ்சம் கொறையும். எனக்கே இதுல ஒண்ணும் நிக்காது."

"எவ்வளவு கொறையும் மொதலாளி?"

சொன்னேன். அந்தப் பக்கம் புருஷனோடு ஏதோ பேசும் சத்தம். ஏதோ நான் அவர்களிடம் வேலை கேட்டு நிற்பது மாதிரி காத்திருக்கவைத்தாள்.

"சரி மொதலாளி. சாமான் இங்கயே கெடக்கட்டும். ரெண்டு பேரும் பண்டிகைக்குப் போயிட்டு, புது வருசம் பொறந்ததும் வாரோம். லைன் ஆளுவள்ட்டயும் சொல்லுதேன். ஆனா பரிச்ச முடியற வரைக்குந்தான். அதுக்குள்ள பழைய ரேட்டுக்கு வேல வந்தா இருப்போம். வரலன்னா பிள்ளய கூட்டிட்டுக் கெளம்பிருவோம். அப்ப கோவப்படக் கூடாது."

"நான் எப்ப கோவப்பட்டேன்?"

"இப்பவே படுதியளே" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். என் கம்பெனியில் யார் எதுவரைக்கும் இருப்பது என்று இதுவரை நான்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது அமெரிக்காவில் ஒருவர் சொல்கிறார், டெல்லி ஆபீஸில் ஒருவர் சொல்கிறார், கடைசியில் சங்கரன்கோவில்காரி சொல்கிறாள். இவர்களில் அவள் ஒருத்திதான் தேதியோடு சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று மனைவி கேட்டாள். ஏப்ரல்வரைக்கும் இருக்கிறாளாம் என்றேன். அது போதும், அந்தப் பிள்ளை எழுதிவிடும் என்றாள். எனக்குப் போதாது. குடோனில் இருக்கிற துணியை மனதுக்குள் ரோல் ரோலாக அடுக்கிப் பார்த்தேன். ஒரு லைன் ஏப்ரல்வரைக்கும் தைக்கக் காணும். அதற்குப் பிறகு தைக்கத் துணிக்கும் ஆர்டருக்கும் இப்போதிருந்தே அலைய வேண்டும். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, மகனுக்குப் போன் போட்டேன்.